உப்பிட்டவர் யார்?

விடிவதற்கு முன்பே மரக்காணம் உப்பளத்தில் ஆள் நடமாட்டம் தொடங்கிவிடும். வெயில் ஏறிவிட்டால் பாத்தியில் நிற்க முடியாது. நின்றாலும் வெண்மை கண்ணைக் குத்தும். ஆகவே சேலையை முழங்கால்வரை தூக்கிச் செருகிய பெண்களும் கைலியை மடித்துக் கட்டிய ஆண்களும் இருட்டோடு இருட்டாக வரப்பில் இறங்குகிறார்கள். நீண்ட கம்பின் முனையில் பொருத்திய பலகையால் ஒருவர் பாத்தியின் அடியில் படிந்த உப்பை இழுத்து வரப்போரம் சேர்க்கிறார். அழுத்தி இழுத்தால் அடிச்சேறும் கூடவே வந்து உப்பு கறுத்துப்போகும். பதமாக இழுத்தால் வெள்ளையாக வரும், ஆனால் நேரம் பிடிக்கும், வெயில் காத்திருக்காது. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் கைப்பக்குவத்துக்குத்தான் அங்கே கூலி. வடிந்த உப்பைக் கூடையில் அள்ளி, தலையில் சுமந்து, மேட்டில் கொண்டுபோய்க் கொட்டுவது பெரும்பாலும் பெண்கள்.

கடல்நீரின் அடர்த்தி போமே என்ற அளவுகோலில் ஏறத்தாழ 3. வெயிலும் காற்றும் அதைப் பாத்தி பாத்தியாகச் சுண்டவைத்து 25ஐத் தொட்ட பிறகுதான் உப்பு பூக்கும். பருவம் தொடங்குமுன் பாத்தியின் தரையைக் காலால் மிதித்து மிதித்து இறுக்க வேண்டும். ஒரு மழை பெய்தால் போதும், சுண்டியதெல்லாம் மறுபடி தண்ணீர்.

அதே நேரத்தில் பக்கத்துக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் காலைப் பேருந்துகள் போகின்றன. பேருந்தை ஓட்டுபவர், திண்டிவனத்திலிருந்து பள்ளிக்கு வரும் ஆசிரியை, வட்டாட்சியர் அலுவலகத்து உதவியாளர், ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியர் எல்லோரும் மாதச் சம்பளக்காரர்கள். அவர்கள் வேலையை நிறுத்தினால் நாளிதழில் முதல் பக்கச் செய்தி. உப்பளத்துப் பெண் ஒரு நாள் வராவிட்டால் அன்றைய கூலி இல்லை. செய்தி அவ்வளவுதான்.

விலைவாசி ஏறிவிட்டது, சம்பளம் போதவில்லை என்று சொல்லி அரசு ஊழியர் வேலையை நிறுத்துவது அறமா? தனக்குக் கீழே இத்தனை பேர் இதைவிடக் குறைந்த வருமானத்தில் காலம் தள்ளும்போது, இன்னும் வேண்டும் என்று கேட்பது நியாயமா, பேராசையா? வேலைநிறுத்தம் வரும்போதெல்லாம் தேநீர்க் கடையில் எழும் கேள்வி இது. பார்க்கப் பொருளாதாரக் கேள்வியாகத்தான் தெரியும். ஆனால் நீதிமன்றமே இதை அறக் கேள்வியாக எடுத்துப் பேசியிருக்கிறது. மதங்கள் அதற்கும் வெகுகாலம் முன்பே பேசியிருக்கின்றன.

உப்பில் தொடங்குவதே முறை. சம்பளம் என்ற சொல்லிலேயே உப்பு இருக்கிறது என்பார்கள். அளம் என்றால் உப்பளம். நெல்லும் உப்பும் கூலியாக அளந்த காலத்தில் சம்பாவும் அளமும் சேர்ந்து சம்பளம் ஆயிற்று என்பது தமிழில் பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். இலத்தீன் மொழியிலும் ஊதியத்தைக் குறித்த சலாரியம் என்ற சொல் உப்போடு உறவுடையது. சங்கப் பாடல்களில் உமணர்கள் உப்பைக் கொடுத்து நெல்லை வாங்குகிறார்கள், அளவுக்கு அளவு. சிறுபாணாற்றுப்படை பாடும் எயிற்பட்டினம் இன்றைய மரக்காணம்தான் என்று அறிஞர் பலர் அடையாளம் காண்கிறார்கள். உமணரின் வண்டியோடு வந்த குரங்கொன்று அவர்களின் பிள்ளைகளோடு கிலுகிலுப்பை ஆடும் காட்சியும் அந்த நூலில்தான் வருகிறது. நெல்லுக்கு நிகராக நின்ற உப்பு அது. இன்று கடையில் ஒரு கிலோ அரிசிக்கு ஒரு கிலோ கல்லுப்பு ஈடாகாது.

சம்பளத்துக்கு இன்னொரு வழியும் காட்டுவதுண்டு. வடமொழியில் சம்பலம் என்றால் வழிப்பயணத்துக்குக் கட்டிக்கொண்டு போகும் உணவு, கட்டுச்சோறு. எந்த விளக்கம் சரி என்பதைச் சொல்லாய்வாளர்கள் பார்த்துக்கொள்ளட்டும். இரண்டுக்கும் நடுவில் ஒரு தத்துவ வேறுபாடு இருக்கிறது. முதல் விளக்கத்தில் சம்பளம் என்பது செய்த வேலைக்கு அளந்து கொடுத்த பொருள். கொடுத்து முடித்தால் கணக்கு தீர்ந்தது. இரண்டாவதில் அது ஒருவர் தன் பயணத்தைத் தொடரத் தேவையான சோறு. பயணம் நீண்டால், வழியில் விலை கூடினால், சோறும் கூட வேண்டும். சம்பள உயர்வு பற்றிய எல்லா வாதங்களும் கடைசியில் இந்த இரண்டில் ஒன்றின் பக்கம்தான் நிற்கின்றன.

உப்புக்கு நம் மரபில் இன்னொரு வேலையும் உண்டு. அது நன்றியின் அளவுகோல். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது பழமொழி. இதன் பெரிய வடிவம் செஞ்சோற்றுக் கடன். துரியோதனன் பக்கம் நியாயமில்லை என்று தெரிந்தும் கர்ணன் விலகவில்லை. இராவணன் செய்தது தவறு என்று முகத்துக்கு நேரே சொன்ன கும்பகர்ணன், சொல்லி முடித்துவிட்டுப் போர்க்களத்துக்கே போனான். வீடணன் மட்டும் வெளியேறினான். கும்பகர்ணனா வீடணனா என்று கோயில் திருவிழாப் பட்டிமன்றங்களில் இன்னும் வழக்காடுகிறோம். கைதட்டல் பெரும்பாலும் கும்பகர்ணனுக்கே. வேலைநிறுத்தம் செய்பவரை உப்புத் தின்ற வீட்டுக்கு இரண்டகம் செய்தவராகப் பார்க்கும் பார்வைக்கு வேர் இங்கே இருக்கிறது.

அந்தப் பார்வை சட்ட மொழியில் வெளிப்பட்ட ஆண்டு 2003. ஓய்வூதியம் உள்ளிட்ட பலன்கள் குறைக்கப்பட்டதை எதிர்த்துத் தமிழக அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் ஜூலை 2ஆம் தேதி வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஜெயலலிதா தலைமையிலான அரசு, முந்தைய ஆண்டு கொண்டுவந்த அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டத்தை, டெஸ்மாவை, அவசரச் சட்டத்தால் கூர்தீட்டியது. சுமார் 1,70,000 பேர் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். விசாரணை இல்லை, விளக்கம் கேட்கும் குறிப்பாணைகூட இல்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. மன்னிப்புக் கேட்டு, இனி இப்படிச் செய்ய மாட்டோம் என்று எழுதிக் கொடுத்த பெரும்பாலோர் திரும்ப எடுக்கப்பட்டனர். ஆகஸ்ட் 6 அன்று நீதிபதிகள் எம்.பி. ஷா, ஏ.ஆர். லட்சுமணன் அமர்வு டி.கே. ரங்கராஜன் வழக்கில் தீர்ப்பளித்தது. அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமையும் இல்லை, சட்ட உரிமையும் இல்லை, அறம் சார்ந்த உரிமையும் இல்லை என்றது.

முதல் இரண்டும் வழக்கறிஞர்களின் பாடு. சங்கம் அமைக்கும் உரிமைக்குள் வேலைநிறுத்த உரிமை அடங்காது என்று உச்ச நீதிமன்றம் 1962இலேயே சொல்லியிருக்கிறது. மூன்றாவது, எல்லோருக்கும் உரிய கேள்வி. அறம் சார்ந்த உரிமை ஏன் இல்லை? தீர்ப்பு சொன்ன காரணங்களில் ஒன்று இது: படித்துவிட்டு அரசு வேலைக்குக் காத்திருப்போர் ஏராளமாக உள்ள சமூகத்தில், வேலையில் இருப்பவர் வேலையை நிறுத்துவதை எந்த நியாயத்தாலும் ஆதரிக்க முடியாது.

எளிதில் தள்ளிவிடக்கூடிய வாதமல்ல இது. தேநீர்க் கடை சொல்வதும் இதைத்தான். ஆனால் இந்த வாதத்தை இன்னும் ஒரு படி கீழே இறக்கிப் பார்க்க வேண்டும். வேலையில்லாதவரைக் காட்டி ஆசிரியையின் வாயை அடைக்கலாம் என்றால், ஒருநாள் கூலியும் கிடைக்காதவரைக் காட்டி உப்பளத் தொழிலாளியின் வாயையும் அடைக்கலாம். பிச்சை எடுப்பவரைக் காட்டி அவரையும் அடக்கலாம். ஏணியின் கடைசிப் படிவரை யாருமே எதையும் கேட்க முடியாது. கடைசிப் படியில் இருப்பவருக்கோ கேட்பதற்குத் தெம்பு இருக்காது. ஏழையின் பசி இங்கே ஏழைக்குச் சோறாக மாறுவதில்லை. இன்னொருவரைப் பேசாதிருக்கச் செய்யும் கருவியாக மட்டும் பயன்படுகிறது.

மத நூல்களை இந்தப் பக்கம் இழுப்பதும் நடக்கிறது. பலனில் பற்று வைக்காமல் கடமையைச் செய்யச் சொல்லும் கீதையை, சம்பளம் கேட்காமல் வேலையைப் பார் என்று மொழிபெயர்ப்பவர்கள் உண்டு. கீதை பேசுவது செய்பவரின் மனப்பற்றைப் பற்றி. கொடுக்க வேண்டியவர் கொடுக்காமல் இருக்கலாம் என்று அது எங்கும் அனுமதி தரவில்லை. அதே நூலின் மூன்றாம் அத்தியாயம், பெற்றதற்கு ஈடாகத் திருப்பித் தராமல் உண்பவனைத் திருடன் என்கிறது. அந்த வரி கூலி கொடுப்பவரை நோக்கிச் சொல்லப்படுவதை அதிகம் கேட்க முடிவதில்லை. தொழிலாளியின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிடச் சொல்கிறது நபிமொழி. போப் பதின்மூன்றாம் லியோ 1891இல் வெளியிட்ட ரேரும் நோவாரும் சுற்றுமடல், இரு தரப்பும் ஒப்புக்கொண்ட கூலி என்பதாலேயே அது நியாயமான கூலி ஆகிவிடாது, சிக்கனமாக வாழும் தொழிலாளி பிழைக்கப் போதுமானதாக இருக்க வேண்டும் என்று வாதிட்டது.

இவற்றில் எல்லாம் வியப்பூட்டுவது மத்தேயு நற்செய்தியின் இருபதாம் அத்தியாயத்துக் கதை. திராட்சைத் தோட்டத்துக்காரர் விடியற்காலையில் சிலரை ஒரு வெள்ளிக்காசுக்குப் பேசிக் கூலிக்கு அமர்த்துகிறார். பிறகு நடுப்பகலில் சிலர், பொழுது சாயும் வேளையில் இன்னும் சிலர். மாலையில் எல்லோருக்கும் அதே ஒரு காசு. காலையிலிருந்து வெயிலில் நின்றவர்கள் முணுமுணுக்கிறார்கள். வேலைக்கு அளந்த கூலி என்று பார்த்தால் அவர்கள் முணுமுணுப்பது சரிதான். வழிச்சோறு என்று பார்த்தால், பொழுது சாய்ந்து வந்தவனின் வீட்டிலும் அன்றிரவு அடுப்பு எரிய வேண்டும். இந்தக் கதையிலிருந்து தலைப்பை எடுத்து ஜான் ரஸ்கின் எழுதிய நூல் தமிழில் 'கடையனுக்கும் கதிமோட்சம்' என்ற பெயரால் அறியப்பட்டது. 1904இல் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து டர்பன் போகும் ரயிலில் அதைப் படித்த காந்தி தன் வாழ்க்கையையே மாற்றிக்கொண்டார்.

அந்தக் காந்தி இந்தியாவில் தொழிலாளருக்காக முதன்முதலில் உண்ணாநோன்பு இருந்தது விலைவாசிக்காக நடந்த ஒரு வேலைநிறுத்தத்தில். 1918 பிப்ரவரி, மார்ச் மாதங்கள்; இடம் அகமதாபாத் பஞ்சாலைகள். போர்க்கால விலையேற்றம் ஒருபுறம், பிளேக் காலத்தில் கொடுத்துவந்த கூடுதல் தொகையை முதலாளிகள் நிறுத்தியது மறுபுறம். தொழிலாளிகள் 50 விழுக்காடு உயர்வு கேட்டார்கள். காந்தி கணக்குப் போட்டுப் பார்த்து 35 போதும் என்றார். அதற்குக் குறைந்து திரும்புவதில்லை என்று உறுதிமொழி வாங்கினார். நாட்கள் ஓடின, கையிருப்பு தீர்ந்தது. வயிறு காய்ந்த தொழிலாளிகள், வண்டியில் வந்து போய் வேளைக்குச் சாப்பிடுகிறவர்களுக்கு எங்கள் கஷ்டம் என்ன தெரியும் என்ற பொருளில் பேசிய செய்தி அவர் காதுக்கு வந்தது. அவர் கோபப்படவில்லை. உண்ணாநோன்பு தொடங்கினார். மகாதேவ தேசாய் இந்தப் போராட்டத்தைப் பற்றி எழுதிய நூலின் தலைப்பில் 'தர்மயுத்தம்' என்ற சொல் இருக்கிறது. ஆனால் தன் நோன்பு நண்பரான ஆலை முதலாளியை நெருக்கடிக்கு உள்ளாக்கியதால் அது குறையுடையது என்று காந்தியே பின்னால் எழுதினார். உயர்வு கேட்கலாம்; கேட்குமுன் எண்ணிப் பார்க்க வேண்டும்; பட்டினி கிடக்கச் சொல்பவர் தானும் கிடக்க வேண்டும். அகமதாபாத் விட்டுச்சென்ற பாடம் இது.

அதே ஆண்டு ஏப்ரல் 27ஆம் தேதி சென்னையில் பிறந்தது மதராஸ் தொழிலாளர் சங்கம். இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று வரலாற்று நூல்கள் சொல்லும் அந்தச் சங்கத்தின் தொட்டில் ஒரு பக்திச் சபை. பெரம்பூரில் செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும் ஸ்ரீ வெங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபை என்ற பெயரில் சமயச் சொற்பொழிவுகள் நடத்திவந்தார்கள். கேட்க வந்தவர்களில் பலர் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளிகள். சொற்பொழிவு முடிந்ததும் அவர்கள் பேசியது மோட்சத்தைப் பற்றியல்ல, மதியச் சாப்பாட்டு நேரத்தைப் பற்றி. அரை மணி நேரத்துக்குள் வெளியே வந்து, தின்றுவிட்டு, திரும்ப வாசலுக்குள் நுழைந்தாக வேண்டும். பிரம்மஞான சபைக்காரரான பி.பி. வாடியா தலைமையில் அவர்கள் கேட்ட தொடக்கக் கோரிக்கைகளில் ஒன்று அந்த அரை மணியை நாற்பது நிமிடம் ஆக்குவது. வயிறு ஆறச் சாப்பிடப் பத்து நிமிடம். சமயத்தைக் கேட்கக் கூடியவர்களிடமிருந்துதான் சங்கம் பிறந்தது.

ஆலையின் பெயரில் இருக்கும் பக்கிங்காம், 1875 முதல் 1880 வரை மதராஸ் ஆளுநராக இருந்த பிரபு. மரக்காணத்துக்கும் அவர் அந்நியரல்ல. ஆந்திரக் கடற்கரையிலிருந்து சென்னை வழியாகத் தெற்கே இந்த உப்பங்கழி வரை வரும் கால்வாய்க்கும் அவர் பெயர்தான். உப்பு மூட்டைகள் படகேறிப் பட்டணம் போன வழி அது. சென்னைக்குள் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் துண்டு 1877, 78 தாது வருடப் பஞ்சத்தில் நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. அந்தப் பஞ்சத்தில் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டதாக மதிப்பிடுகிறார்கள். நிவாரண வேலைக்குக் கூலி எவ்வளவு என்பதைத் தீர்மானிக்க, வைஸ்ராய் லிட்டன் அனுப்பிய சர் ரிச்சர்ட் டெம்பிள் 1877 தொடக்கத்தில் வந்தார். ஓர் ஆணுக்கு நாளுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என்றார். அரசுச் செலவைக் குறைக்க வேண்டும், எதுவரை குறைத்தாலும் ஆள் சாகாமல் மண் வெட்டுவான் என்று பார்க்கும் சோதனை அது. மதராஸ் சுகாதார ஆணையர் கார்னிஷ், இந்தப் படியில் உழைக்கிறவன் உடம்பு தாங்காது என்று எழுத்தில் எதிர்த்தார். பம்பாய் மாகாணத்தில் நிவாரணத் தொழிலாளிகள் அந்தக் கூலியை ஏற்காமல் முகாம்களை விட்டே வெளியேறினார்கள். சாவு நாலாபுறமும் நிற்கும்போது, கிடைக்கும் ஒரு பவுண்டையும் வேண்டாம் என்ற வேலைநிறுத்தம். நன்றிகெட்ட செயல் என்று அதை இன்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஆக, எவ்வளவு இருந்தால் போதும்?

இதற்குச் சுதந்திர இந்தியா ஒரு விடை எழுதியது. எழுத உதவியவர் குன்னூரில் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தின் இயக்குநராக இருந்த டாக்டர் வாலஸ் அய்க்ராய்ட். 1957இல் கூடிய 15ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு அவருடைய கணக்கை வைத்துத் தேவை சார்ந்த குறைந்தபட்சக் கூலியை வரையறுத்தது: உழைப்பவரையும் சேர்த்து ஒரு குடும்பத்துக்கு மூன்று நுகர்வு அலகு, ஆள் ஒருவருக்கு நாளுக்கு 2,700 கலோரி, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 72 கெஜம் துணி, வீட்டு வாடகை, விறகுக்கும் விளக்குக்கும் மற்றதற்கும் மொத்தத்தில் 20 விழுக்காடு. இந்த அளவுகோலை அமல்படுத்தினால் கட்டுப்படியாகாது என்று இரண்டாவது மத்திய ஊதியக் குழு ஒதுங்கியது. 1960 ஜூலையில் மத்திய அரசு ஊழியர்கள் ஐந்து நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 1968 செப்டம்பர் 19இல் மறுபடியும் ஒருநாள். கேட்டது புதிதாக ஒன்றுமில்லை. அரசே கூட்டிய மாநாட்டில் எழுதியதைக் கொடுங்கள் என்றார்கள். ஏழாவது ஊதியக் குழு 2016இலிருந்து 18,000 ரூபாயைக் குறைந்தபட்ச ஊதியமாக வகுத்தபோது கையில் எடுத்தது இந்த அய்க்ராய்ட் கணக்கைத்தான்.

இதில் ஒரு திருப்பம் சென்னையிலிருந்து வந்தது. இங்கே ஆலை வைத்திருந்த ரெப்டகோஸ் பிரெட் என்ற மருந்து நிறுவனத்தின் தொழிலாளர் வழக்கில், உச்ச நீதிமன்றம் 1991இல் அந்தப் பழைய கணக்கோடு இன்னொரு 25 விழுக்காட்டைச் சேர்க்கச் சொன்னது. பிள்ளைகளின் படிப்பு, மருத்துவம், முதுமைக்கும் கல்யாணத்துக்கும் சேமிப்பு. கூடவே, பண்டிகையும் சடங்கும் உள்ளிட்ட பொழுதுபோக்கு. கலோரிக் கணக்குக்குள் திருவிழா நுழைந்தது இப்படித்தான். பொங்கலுக்குப் புதுத்துணி எடுப்பதும், மாசி மகத்துக்கு மரக்காணம் கடற்கரைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போய் ஒரு பலூன் வாங்கித் தருவதும் ஆடம்பரமல்ல, கூலியின் பகுதி என்று நாட்டின் உயர்ந்த நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. டெம்பிள் துரை ஒரு பவுண்டில் நிறுத்திய மனிதனை அது மறுபடி முழு மனிதனாக எண்ணியது. ஓய்வூதியம் அரசு இரங்கிப் போடும் பிச்சையல்ல என்று நகாரா வழக்கில் 1982 டிசம்பர் 17 அன்று சொன்னதும் அதே நீதிமன்றம்தான். கட்டுச்சோறு என்ற பொருள்தான் இந்த இரண்டு தீர்ப்புகளிலும் இருக்கிறது.

ஆகவே 2003 தீர்ப்பின் மூன்றாவது கூற்றோடு, அறம் சார்ந்த உரிமையும் இல்லை என்பதோடு, ஒத்துப்போவது கடினம். வாழப் போதுமான கூலி கேட்பது அறமென்றால், கேட்டும் காது கொடுக்காதபோது கையைக் கட்டிக்கொண்டு நிற்பது எப்படி அறத்துக்குப் புறம்பாகும்? சம்பளம் வாங்குவதால் நாவை அடகு வைத்தவர் ஆகிவிட மாட்டார் யாரும்.

என்றாலும் வழக்கு இங்கே முடியவில்லை. உரிமை உண்டு என்று நிறுவிய கையோடு, அந்த உரிமை யாருக்குக் கடன்பட்டது என்றும் கேட்க வேண்டும்.

பெரம்பூர் ஆலையில் 1921இல் நடந்த பெரிய வேலைநிறுத்தம் இந்த இடத்தில் முகத்தில் அறைகிறது. மாதக்கணக்கில் ஆலை நின்றபோது ஆதிதிராவிடத் தொழிலாளிகளில் பலர் வேலைக்குத் திரும்பினார்கள். ஆதிதிராவிடர் தலைவர் எம்.சி. ராஜா அவர்கள் பக்கம் பேசினார், திரு.வி.க. போன்ற சங்கத் தலைவர்கள் மறுபக்கம் நின்றார்கள். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, துப்பாக்கிச் சூடு நடந்தது. திரும்பியவர்களைக் கருங்காலி என்று வைவது எளிது. ஊரில் நிலமோ வீட்டில் நெல்லோ இல்லாதவரால் எத்தனை வாரம் கூலியில்லாமல் இருக்க முடியும்? நேற்றுவரை தெருவுக்குள் விடாதவர்கள் இன்று தோழரே என்று கூப்பிட்டால் உடனே நம்பத்தான் முடியுமா? வேலைநிறுத்தம் செய்யக் கையில் ஏதாவது மிச்சம் இருக்க வேண்டும். மிச்சமே இல்லாதவரைச் சேர்த்துக்கொள்ளாத வேலைநிறுத்தம் அவர் தலையில்தான் விழும்.

மரக்காணத்தில் இது கண்ணுக்குத் தெரியும். ஜாக்டோ ஜியோ கூட்டமைப்பின் சார்பில் ஆசிரியர்களும் அரசு ஊழியர்களும் 2019 ஜனவரி 22 முதல் 30 வரை வேலைநிறுத்தம் செய்தார்கள். முதன்மைக் கோரிக்கை பழைய ஓய்வூதியம். 2003 ஏப்ரல் 1க்குப் பிறகு பணியில் சேர்ந்தவர்களுக்கு அது இல்லாமல் போயிருந்தது. கோரிக்கையில் நியாயம் இருந்தது. ஆனால் ஜனவரி இறுதி என்பது உப்பளத்தில் புதுப் பருவத்துக்குப் பாத்தியை மிதித்துத் தயார் செய்யும் காலம். தாயும் தகப்பனும் பாத்திக்குப் போய்விட்டால் பிள்ளைக்குக் காவலும் மதியச் சோறும் அரசுப் பள்ளிதான். அது மூடினால் சம்பளக்காரரின் பிள்ளைக்குப் பாடம் போகும், உப்பளக்காரரின் பிள்ளைக்குச் சோறும் சேர்ந்து போகும்.

இங்கேதான் பழமொழியைத் திருப்பிப் படிக்க வேண்டியிருக்கிறது. உப்பிட்டவரை நினை. சரி, அரசு ஊழியருக்கு உப்பிட்டவர் யார்? அமைச்சரவையா? நிதித் துறைச் செயலாளரா? அவர்கள் கருவூலத்தின் சாவியை வைத்திருப்பவர்கள். கருவூலத்தில் இருப்பது, சோப்புக்கும் தீப்பெட்டிக்கும் செல்போன் ரீசார்ஜுக்கும் வரி கொடுக்கும் ஊராரின் காசு. உப்பளத்துப் பெண்ணின் காசும் அதில் இருக்கிறது. உவமையை விட்டுவிட்டு நேரடியாகப் பார்த்தாலும் விடை அதுவேதான். ஆசிரியையின் வீட்டுக் குழம்பில், நீதிபதியின் சாப்பாட்டில், அமைச்சரின் இலையில் உண்மையிலேயே உப்பிட்டவர் பாத்தியில் நிற்கிறார். செஞ்சோற்றுக் கடன் என்று ஒன்று இருந்தால் அது அவருக்குத்தான்.

அந்தக் கடனை வேலைக்கு வந்துவிடுவதால் மட்டும் தீர்த்துவிட முடியாது. அகவிலைப்படி என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளலாம். அகவிலை என்றால் பழந்தமிழில் தானிய விலை. தானியம் விலையேறினால் அதற்கேற்பக் கூடும் படி. 2016ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட தொழிலாளர் நுகர்வோர் விலைக் குறியீட்டைப் பார்த்து ஜனவரியிலும் ஜூலையிலும் அது திருத்தப்படுகிறது. 2025 ஜூலைக் கணக்குப்படி மத்திய அரசு ஊழியருக்கு அடிப்படை ஊதியத்தில் 58 விழுக்காடு. கொரோனாக் காலத்தில் 18 மாதம் அதை முடக்கியபோது எழுந்த குரல்கள் இன்னும் ஓயவில்லை. அரிசி விலை ஏறினால் வருமானமும் ஏற வேண்டும் என்ற எளிய நியாயம் அதில் இருக்கிறது. அந்த நியாயத்துக்குப் பணிப்பதிவேடு தேவையில்லை. ஒரே ரேஷன் கடையில், ஒரே சந்தையில் வாங்கும் உப்பளத் தொழிலாளிக்கும் அது பொருந்தும். ஆனால் படியைக் கணக்கிட முதலில் ஒரு மாதச் சம்பளம் வேண்டும். பாத்தியில் மாதச் சம்பளம் கிடையாது. பருவம் உண்டு, மழை உண்டு. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியபோது இந்தக் கரையில் பெய்த மழைக்கு எந்தக் குறியீட்டிலும் இடமில்லை.

இனி ஊதியக் குழுக்கள் வரும். எட்டாவது மத்திய ஊதியக் குழு நீதிபதி ரஞ்சனா பிரகாஷ் தேசாய் தலைமையில் அமைக்கப்பட்டிருக்கிறது. கோரிக்கை மனுக்கள் போகும், ஆர்ப்பாட்டங்கள் நடக்கும், நடக்கவும் வேண்டும். அந்த மனுக்களில் ஒரு பத்தி கூடுதலாக இருக்கலாம். மரக்காணத்து அரசு ஊழியர் சங்கமும் ஆசிரியர் சங்கமும் தங்கள் கோரிக்கைப் பட்டியலில் உப்பளத் தொழிலாளியின் மழைக்காலப் படியையும் சேர்த்து எழுதட்டும். வேலைநிறுத்த நாட்களில் பள்ளிச் சமையலறை மட்டும் திறந்திருக்கும் என்று அறிவிக்கட்டும். டி.கே. ரங்கராஜன் தீர்ப்பின் மூன்றாவது கூற்றுக்கு அதைவிட வலுவான மறுப்பை எந்த வழக்கறிஞராலும் எழுத முடியாது.

அந்த மழைக்காலப் படி இப்போது எவ்வளவு என்பதையும் சொல்லிவிட வேண்டும். உப்பு விளையாத அக்டோபர், நவம்பர், டிசம்பர் மாதங்களுக்காகத் தமிழக அரசு 2022இல் தொடங்கிய நிவாரணத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு 5,000 ரூபாய். அந்த மூன்று மாதங்களுக்கு 92 நாள். நாளொன்றுக்கு 54 ரூபாய் 35 காசு.